பத்து மில்லி அதிகம்

கிளாஸில் ஐம்பத்தெட்டு இருந்தது. பம்பின் திரையில் நாற்பத்தெட்டு.

பெரியவர் கிளாஸைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இடது கண்ணை மூடிப் பார்த்தார், வலது கண்ணை மூடிப் பார்த்தார். எந்தக் கண்ணுக்கும் அது ஐம்பத்தெட்டுதான். மேஜையில் வைத்தார். மறுபடி எடுத்தார். நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். ஜன்னல் வெளிச்சமும் அதையேதான் சொன்னது.

அது நோயாளியின் உடம்பில் மருந்து ஏற்றும் பம்ப். குழந்தைகள் வார்டுக்கென்று செய்தது. அதைச் சோதிக்கத்தான் அவருக்குச் சம்பளம். குமிழைத் திருகி அளவு வைக்க வேண்டும். பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். விழுகிற தண்ணீரைக் கோடு போட்ட கிளாஸில் பிடித்து, திரையில் உள்ள எண்ணையும் கிளாஸில் உள்ள எண்ணையும் தாளில் எழுத வேண்டும். பிறகு ஊற்று, துடை, மறுபடி திருகு. ஒரு நாளைக்கு இருநூறு தடவை. படிப்பு வேண்டாம், கண் வேண்டும்.

குழந்தைக்கு ஒரே தடவையில் ஐம்பது மில்லிக்கு மேல் போகக் கூடாது. ஐம்பத்தொன்று வைத்து அமுக்கினால் பம்ப் கீச்சென்று கத்தி மறுத்துவிடும். அவரே ஆயிரம் தடவை அதைக் கத்த வைத்திருக்கிறார். கத்த வேண்டிய பம்ப் இப்போது வாயை மூடிக்கொண்டு ஐம்பத்தெட்டை ஊற்றியிருந்தது. அதுவும் நாற்பத்தெட்டு என்று சொல்லிக்கொண்டே.

மணி பதினொன்று. நான்கு மணிக்கு வேன் வரும். இதே மாதிரி நாற்பது பம்ப் அட்டைப்பெட்டிக்குள் போய் வாசலோரம் அடுக்காக நின்றது. நாளை காலையில் ஏதோ ஒரு வார்டில், ஏதோ ஒரு குழந்தையின் கையில் ஏறும்.

வேறு யாராவது என்றால் அந்த நிமிஷமே சூப்பர்வைசரைக் கூப்பிட்டிருப்பார்கள். பெரியவருக்கு வாய் வரவில்லை. போன மாதம் இப்படித்தான் கூப்பிட்டார். மெஷின் மூன்று மில்லி கூட ஊற்றுகிறது என்று தளமே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். வந்து பார்த்தால் முந்தின தண்ணீர் கிளாஸின் அடியில் மிச்சம் இருந்திருக்கிறது. அன்றையிலிருந்து அவருக்கு அங்கே 'ஈரக் கிளாஸ்' என்று பேர். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்ல உக்காந்து உங்க கிளாஸை நல்லா காய வையுங்க, பெரியவரே." சிரித்துக்கொண்டு சொல்கிறவர்கள் சொன்னதைச் செய்வார்கள் என்பது பெரியவரின் அனுபவம்.

இன்னொன்றும் இருந்தது. அந்தப் பம்புக்குள் காவல் நிற்கிற பகுதியை எழுதியது அவருடைய மருமகள்.

அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. டிரைவர் எழுதுகிறேன் என்று அவள் முதலில் சொன்னபோது எந்த டிரைவருக்கு என்ன எழுதுகிறாள் என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர். ஒரு நாள் சாப்பிடும்போது அவளே பொறுமையாகச் சொன்னாள்.

"பம்புக்குள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கு மாமா. அதோட உள்ளறைக்குப் பேர் கெர்னல். மோட்டாரைத் தொடற உரிமை அதுக்கு மட்டும்தான். திரையைக் காட்டற புரோகிராம் வெளில நிக்கிற ஆள். அதால மோட்டாரைத் தொட முடியாது. தனக்கு வேணுங்கிற அளவைத் தன்னோட இடத்துல எழுதி வச்சுட்டு உள்ளறைக் கதவைத் தட்டும். அந்தக் கதவுல காவல் நிக்கிற புரோகிராமுக்குப் பேர்தான் டிரைவர், அதை எழுதறது நான். நான் எட்டிப் பாத்து, அது சரியான்னு சோதிச்சு, சரின்னா மட்டும் மோட்டாரை ஓட்டச் சொல்லுவேன். வெளில இருந்து வர்ற எதையும் நான் நம்ப மாட்டேன்."

அந்த வீட்டில் அவர் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். முப்பது வருஷம் எடைமேடையில் நின்று லாரிகளை நிறுத்தவர் அவர். மூட்டையைக் குத்திப் பார்க்காமல் ஒரு லாரியையும் விட்டதில்லை. யாரையும் நம்பாத ஒரு மனுஷி வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று அன்றைக்கு ஒரு கவளம் கூடவே சாப்பிட்டார்.

இப்போது அவளுடைய காவலைத் தாண்டிப் பத்து மில்லி வெளியே வந்து கிளாஸில் உட்கார்ந்திருந்தது.

கிளாஸைத் துடைத்தார். சட்டை நுனியால் துடைத்தார், பிறகு காகிதத்தால், பிறகு வெறும் விரலை விட்டு. திருகினார், கையை எடுத்தார், அமுக்கினார். நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு. மறுபடி. மறுபடி. இருபது தடவையும் சரி. கிளாஸை மாற்றினார். குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். தான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் சூப்பர்வைசர் வந்து கிளாஸில் பத்து மில்லி ஊற்றிவைத்து விளையாடுகிறாரோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது. அப்புறம்தான் தான் தண்ணீர் குடிக்கவே போகவில்லை என்று ஞாபகம் வந்தது.

சொன்னால் நாற்காலி போகும். அவள் பேரும் கெடும். சொல்லாவிட்டால் வேன் போய்விடும். சொல்லலாமா, வேண்டாமா, மத்தியானம் சொல்லலாமா, மனசு எண்ணெய்ச் சட்டியில் விழுந்த தண்ணீர் மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தது. கை பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. குனிந்து பார்த்தபோது திரையில் முப்பத்து நான்கு, கிளாஸில் நாற்பத்து நான்கு.

இந்தத் தடவை அவர் கிளாஸைத் தூக்கிப் பார்க்கவில்லை. பம்பைத் தூக்கிக்கொண்டு நேராகச் சூப்பர்வைசர் மேஜைக்கு நடந்தார்.

"பம்ப் கூட ஊத்துது. ரெண்டு தடவை."

சூப்பர்வைசர் தலையைத் தூக்காமல் கேட்டார். "கிளாஸைத் துடைச்சீங்களா?"

"தோல் உரியற வரைக்கும் துடைச்சேன்."

"எவ்வளவு கூட?"

"பத்து."

சூப்பர்வைசர் பம்பைக் கம்ப்யூட்டரில் மாட்டி அதன் பதிவைத் திறந்தார். "இந்தாங்க, நீங்களே பாருங்க. நாப்பத்தெட்டு கேட்டிருக்கீங்க, நாப்பத்தெட்டுக்கு அனுமதி. முப்பத்தி நாலு கேட்டிருக்கீங்க, முப்பத்தி நாலுக்கு அனுமதி. மெஷின் எழுதி வச்சிருக்கு. நான் எதை நம்பறது, இதையா, உங்க கண்ணையா?"

"தண்ணியை நம்புங்க."

"தண்ணியை இந்நேரம் கீழ ஊத்தியிருப்பீங்களே."

ஊற்றித்தான் இருந்தார். முதல் தடவை துடைக்கிற அவசரத்தில் ஊற்றிவிட்டார், இரண்டாவது தடவை பம்பைத் தூக்குகிற அவசரத்தில் ஊற்றிவிட்டார். சூப்பர்வைசர் சிரித்தார். "போய் உக்காருங்க, பெரியவரே. நாலு மணிக்கு வேன் போகட்டும், அப்புறம் பேசலாம்." அப்புறம் என்ன பேச்சு என்று பெரியவருக்குத் தெரியும்.

மேஜைக்குத் திரும்பவில்லை. மாடிப்படி ஏறினார். இரண்டாவது மாடியில் கண்ணாடி அறை. மருமகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு திரையோடு திரையாக இருந்தாள். அவர் கண்ணாடியைத் தட்டினார். அவள் கழற்றிவிட்டு எழுந்து வந்தாள்.

"மாமா, இங்கெல்லாம் வராதீங்கன்னு சொல்லியிருக்கேன்ல. ஏற்கெனவே சொந்தக்காரரைக் கொண்டாந்து வச்சிட்டான்னு பேசறாங்க."

"பேசட்டும். உன் காவல் ஓட்டையா இருக்கு."

அவள் முகம் சுருங்கியது. "கிளாஸ் ஈரமா இருந்திருக்கும்."

"ஈரக் கிளாஸ் ரெண்டு தடவையும் சொல்லிவச்ச மாதிரிப் பத்துதான் காட்டுமா? ஒரு தடவை எட்டு, ஒரு தடவை மூணுன்னு இருக்காதா?"

திரும்பப் போனவள் நின்றாள். "ரெண்டு தடவையும் பத்தா?"

"பத்து. கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. மடிக்கணினியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் படியில் இறங்கினாள்.

அதே பம்பைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு சோதனை மேஜையில் பெரியவர் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் நின்றாள். திருகினார், கையை எடுத்தார், அமுக்கினார். சரி. மறுபடி சரி. நாற்பது தடவை ஆயிற்று. கிளாஸும் திரையும் கூடப்பிறந்ததுகள் மாதிரி ஒத்துப் போயின. காலையில் பார்த்தது கண்தானா என்று அவருக்கே அவர்மேல் சந்தேகம் வந்தது. எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்து, கடைசியில் மிச்சம் இருந்த ஆள் அவர்தான்.

அவள் பெட்டிகளின் மேலேயே மடிக்கணினியை வைத்துத் தான் எழுதியதைப் படிக்க ஆரம்பித்தாள். மேலே போனாள், கீழே வந்தாள். நகத்தைக் கடித்தாள். மணி இரண்டரை. ஒரு இடத்தில் விரல் நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

"என்ன?" என்றார் பெரியவர்.

"ரெண்டு தடவை எடுக்கறேன்." விரலை எடுக்காமலே சொன்னாள். "முதல்ல ஒரே தடவைதான் எடுத்தேன் மாமா. வெளில எழுதி வச்சிருக்கிற எண்ணை உள்ள காப்பி எடுத்து, அந்தக் காப்பியைச் சோதிச்சு, அந்தக் காப்பியையே மோட்டாருக்குக் குடுத்தேன். போன மாசம் குழந்தை வார்டுக்கு ஐம்பதுங்கிற தடை வேணும்னாங்க. சோதிக்கிற வேலையைத் தனியாப் பிரிச்சேன், ஓட்டற வேலையைத் தனியாப் பிரிச்சேன். சோதிக்கிறது வெளில போய் எண்ணைப் பாத்துட்டு சரின்னு சொல்லுது, அதைப் பதிவுலயும் எழுதுது. நடுவுல மோட்டார் எழுந்திரிக்க ஒரு கண்சிமிட்டு நேரம் ஆகும். அப்புறம் ஓட்டறது மறுபடி வெளில போய் எண்ணை எடுக்குது. அந்த நேரத்துக்குள்ள வெளில எண் மாறியிருந்தா..."

"மாறின எண்ணை யாரும் சோதிக்கல."

"ஆமா. குமிழை வேகமாத் திருகினா அளவு பத்துப் பத்தாத் தாவும். அமுக்கினப்புறம் திரையில நிக்கிறது அனுமதி குடுத்த பழைய எண்தான்." அவரைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, அமுக்கும்போது குமிழ்ல கை இருந்துச்சா?"

சுவரில் விதிமுறைத் தாள் ஒட்டியிருந்தது. குமிழிலிருந்து கையை எடுத்த பிறகே பொத்தானை அமுக்கவும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இல்லை என்று சொன்னால் அவள் சொல்வது நிற்காது. ஆமாம் என்றால் அவருடைய நாற்காலி நிற்காது.

"விதிப்படிதான் செஞ்சேன்," என்றார்.

அதற்குள் சூப்பர்வைசர் வந்து நின்றிருந்தார். மருமகள் அவரிடம் முழுதும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இப்படி நடக்கலாம்ங்கிறது வேற, நடந்ததுங்கிறது வேறம்மா. ஒரு லட்சம் தடவை தானியங்கிச் சோதனை ஓடியிருக்கு. ஒண்ணுகூடத் தப்பல."

"தானியங்கிச் சோதனை எண்ணை வச்சுட்டுத்தான் அமுக்கும். ரெண்டையும் ஒண்ணாச் செய்யாது. ஒரு சின்ன புரோகிராம் எழுதி நான் இப்பவே தப்ப வச்சுக் காட்டறேன்."

"புரோகிராம் எழுதி எதை வேணா உடைக்கலாம். ஆஸ்பத்திரியில யாரு புரோகிராம் எழுதப் போறாங்க? மனுஷக் கையால காட்டு. ஒரே ஒரு தடவை. நான் வேனைத் திருப்பி அனுப்பறேன்." கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் இருக்கு."

அவளே உட்கார்ந்து முயன்றாள். வலது கையால் திருகிக்கொண்டே இடது கட்டைவிரலால் அமுக்கப் பார்த்தாள். அமுக்கப் போகிற நேரத்தில் திருகுகிற கை தானாக நின்றது. மனசு ஒரு நேரத்தில் ஒரு கையைத்தான் பார்க்கும் போலிருக்கிறது. பிறகு பெரியவரை உட்கார வைத்தாள். அவர் அதைவிட மோசம். இரண்டு பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு திருகையும் கோயில் விளக்கு ஏற்றுகிற மாதிரிச் செய்தார். வெளியே ஹாரன் கேட்டது. வேன் இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது. வேன்காரர் உள்ளே வந்து முதல் பெட்டியைத் தோளில் வைத்தார்.

அந்தப் பெட்டி வாசலைத் தாண்டுகிறவரை மருமகள் பார்த்தாள். பிறகு சாவகாசமாக, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"விடுங்க மாமா. உங்களால ஆகாது. நீங்க பாட்டுக்கு வழக்கமான வேலையைப் பாருங்க." பெரியவர் திருகத் தொடங்கினார். "சாயந்திரம் உங்க மகன் கேப்பாரு. என்ன பதில் சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன்."

"அவன் என்ன கேக்கறது?"

"மறுபடி ஊரைக் கூட்டினாராமேன்னு கேப்பாரு. வீட்டுல பண்றது பத்தாதான்னு கேப்பாரு."

"நான் வீட்டுல என்ன பண்ணேன்?"

"என்ன பண்ணலை? நான் பூட்டின பூட்டைத் திரும்பப் போய் இழுத்துப் பாக்கறீங்க. நான் உப்புப் போட்ட குழம்பை நக்கிப் பாத்துட்டு மறுபடி போடறீங்க. பால் பாக்கெட்டைக்கூட அளந்து பாக்கற ஆளை நான் எங்கயும் பாத்ததில்ல."

"அதுல குறைஞ்சுதான் இருந்துச்சு." கிளாஸில் தண்ணீர் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. அவர் ஊற்றினார், திருகினார்.

"அஞ்சு மில்லி. அதுக்கு அந்தக் கடைக்காரர் நம்ம வீட்டுக்குப் பாலே போட மாட்டேன்னுட்டாரு. இப்ப யாரு நடந்து போய் வாங்கறது, நானா நீங்களா?"

"ஏமாத்தறவனை விட்டுடச் சொல்றியா?"

"எல்லாரும் ஏமாத்தறாங்களா மாமா? நானுமா? என் பையைக்கூட ஒரு நாள் தூக்கிப் பாத்தீங்க."

"கனமா இருந்துச்சு, அதான் தூக்கினேன். எந்த வீட்டுல இருந்து வந்து யாரைக் கேக்கற?"

"கேப்பேன். உங்களுக்கு இங்க ஏன் வேலை வாங்கிக் குடுத்தோம்னு நினைக்கிறீங்க? உங்க கண்ணு நல்லா இருக்குன்னா? பகல்ல நீங்க வீட்டுல இல்லாம இருந்தாப் போதும்னுதான்."

பெரியவரின் கழுத்து நரம்பு புடைத்தது. "உன் வீட்டுல உக்காந்து சாப்பிடற ஆளு இல்லடி நான். முப்பது வருஷம்..." என்று தொடங்கினார். வலது கை குமிழை ஏதோ ஒருத்தர் காதைத் திருகுகிற மாதிரித் திருகிக்கொண்டே இருந்தது. இடது கட்டைவிரல் பொத்தானைக் குத்தியது.

தண்ணீர் விழுந்தது. மருமகள் கையை நீட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஊத்தாதீங்க மாமா."

திரையில் நாற்பத்தொன்பது. கிளாஸில் ஐம்பத்தொன்பது.

சூப்பர்வைசர் குனிந்தார். அவரும் இடது கண்ணை மூடிப் பார்த்தார், வலது கண்ணை மூடிப் பார்த்தார். பின்னால் வேன்காரர் ஏழாவது பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"விதியில கையை எடுக்கச் சொல்லித்தானே போட்டிருக்கு," என்றார் சூப்பர்வைசர். குரலில் முன்பு இருந்த சிரிப்பு இல்லை.

"குழந்தை மூச்சுத் திணறிட்டு இருக்கும்போது நர்ஸ் உங்க தாளைப் படிச்சுட்டா திருகுவாங்க?" என்றாள் மருமகள்.

சூப்பர்வைசர் கிளாஸைச் சிந்தாமல் மேஜை நடுவுக்கு நகர்த்தி வைத்தார். "இந்தப் பகுதியை எழுதினது யாரு?"

"நான்தான். பிரிச்சு எழுதினதும் நான்தான், பாஸ் பண்ணுங்கன்னு கையெழுத்து வாங்கினதும் நான்தான். வெளில இருக்கிறதை நம்பக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டு, நான் ஒரு தடவை பாத்ததை நானே நம்பிட்டேன். அப்படியே எழுதிக்கங்க."

சூப்பர்வைசர் வேன்காரரிடம் திரும்பினார். "இறக்கிடுங்க."

"ஏத்தினதையா?"

"ஏத்தினதைத்தான் இறக்க முடியும்."

வேன்காரர் தோளில் இருந்த பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டு, காதில் விழுகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே போனார். பெரியவர் எழுந்து நின்றார். இனி வரவேண்டாமா என்று கேட்கத்தான் வாயெடுத்தார். சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "நீங்க விதியை மீறினது ஒரு தாள்ல எழுதணும். கண்டுபிடிச்சது இன்னொரு தாள்ல எழுதணும். ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டுட்டு வேலையைப் பாருங்க."

மருமகள் அங்கேயே உட்கார்ந்து திருத்தி எழுதினாள். எண்ணை ஒரே ஒரு தடவை உள்ளே எடுத்தாள். சோதிப்பதும் ஓட்டுவதும் பதிவில் எழுதுவதும் அந்த ஒரு காப்பிதான். வெளியே அப்புறம் எப்படி மாறினாலும் உள்ளே அது பற்றிக் கவலை இல்லை. பம்புக்குள் அதை ஏற்ற அரைமணி ஆனது. ஐந்தரைக்கு மற்ற மேஜைகளில் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். அவள் பம்பை அவர் பக்கம் தள்ளினாள்.

"நூறு தடவை மாமா. கையை எடுக்காம."

அவர் குமிழைத் தொடவில்லை. "நீ சொன்னது நடிப்பா?"

"எது?"

"நான் வீட்டுல இல்லாம இருந்தாப் போதும்னது."

அவள் அவரைப் பார்க்காமல் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "நூறு முடியட்டும், சொல்றேன்."

வேண்டுமென்றே தன்னைத் தவிக்க விடுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்வது? மனசு வீட்டுக்கும் மேஜைக்குமாக அலைந்தது. நடிப்பாக இருந்தால் பால் விஷயம் அவ்வளவு சரியாக வந்திருக்காது. நிஜமாக இருந்தால் மணிக்கட்டை அப்படிப் பிடித்திருக்க மாட்டாள். கை திருகியது, விரல் அமுக்கியது, தண்ணீர் விழுந்தது. அவள் கிளாஸைப் பார்த்து எழுதினாள். ஒரு தடவைகூட மாறவில்லை. இரண்டு தடவை பம்ப் கீச்சென்று கத்தி மறுத்தது. இரண்டு தடவையும் அளவு ஐம்பதைத் தாண்டித்தான் இருந்தது.

நூறாவதை எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

"நிஜம்தான் மாமா," என்றாள். "யோசனையும் என்னோடதுதான், அவர் வேண்டாம்னுதான் சொன்னாரு. பகல்ல ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா ஒருத்தரை ஒருத்தர் கொன்னுடுவோம்னு தோணுச்சு. இன்னிக்கும் தோணுது."

பெரியவர் கொஞ்ச நேரம் கிளாஸைத் துடைத்தார். உள்ளே, வெளியே, அடியில். விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"சரி, நீ கிளம்பு," என்றார்.

"நீங்க?"

அவர் குமிழில் கை வைத்தார். "இன்னொரு நூறு பாத்துட்டு வர்றேன். நீ எழுதினதை நம்பி அப்படியே விட்டுட்டு வர முடியாது."

அவள் பையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒன்று என்று எழுதினாள்.